உயில் புத்தகத்தின் மேல் ஒரு முழங்கை

கொர்னீலியா டேப் அம்மாளின் முழங்கை இன்றும் ஐந்தாம் உயில் புத்தகத்தின் மேல்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊன்றியது. இன்று வியாழன். இதற்குள் வர்ஜீனியாவின் ஆறுகள் இரண்டு திசைமாறி ஓடியிருக்கலாம். அந்த முழங்கை நகரவில்லை.

பழைய உயில்களை நகலெடுத்துத் தொகுத்த புத்தகங்கள் இருக்கும் நீதிமன்றத்து ஆவண அறையில் சட்டம் கறாரானது. பென்சில்தான், பேனா கூடாது. ஒருவர் எடுத்த புத்தகத்தை அவராக மூடும்வரை அடுத்தவர் தொடக் கூடாது.

நான் நாற்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். எழுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தும்போது விசிலடித்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட பொறுமையை இந்தக் கிழவி மூன்றே நாளில் நார் நாராகக் கிழித்துவிட்டாள்.

என் தங்கை வெர்டெல் இதைக் கேட்டால் ஏழு பிள்ளைகள் என்பாள். நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துத்தான் காதில் போட்டுக்கொள்வாள்.

சனிக்கிழமை எங்கள் குடும்ப ஒன்றுகூடல். தேவாலயத்துப் புல்வெளியில் ஐந்நூறு பேர் முன்னிலையில் வம்சக் கல்லைத் திறக்கப் போகிறோம். வெர்டெல் கணக்கில் ஐம்பது.

கல்லின் உச்சியில் கேப்டன் ஆம்புரோஸ் தார்ன்லி இருக்கிறார். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் புகையிலை பயிரிட்டவர். அடுத்து அவர் பேரன் மைல்ஸ். அடுத்து, மைல்ஸுக்குப் பிறந்து எங்கள் கிளையைத் தொடங்கிவைத்த ஐசக்.

ஐசக்கைப் பெற்றவளின் இடம் மட்டும் பெயர் தெரியாமல் வெறும் கல்லாக நிற்கிறது.

மைல்ஸின் மகள் ஜூடித் கல்யாணமாகிப் போனபோது அந்தத் தாயும் கூடப் போனாள். இருநூற்றைம்பது வருடமாக எங்கள் வீட்டில் வாய்வழியாக வந்த செய்தி இவ்வளவுதான்.

கல்தச்சன் இன்று நடுப்பகல்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். அதற்குமேல் போனால் சனிக்கிழமைக்கு முடியாது, வெறும் இடத்தோடுதான் திறக்க வேண்டும்.

மணி பதினொன்று நாற்பது.

மைல்ஸின் உயில் அந்த முழங்கைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். மற்ற புத்தகங்களையெல்லாம் முடித்துவிட்டேன். அட்டவணையைப் பார்ப்பதையே நான் விட்டு வெகுகாலமாயிற்று. நான் தேடுகிற பெயர்கள் அதில் வராது. பக்கம் பக்கமாகப் படித்துத்தான் பிடிக்க வேண்டும்.

டேப் அம்மாளும் கேப்டனின் வம்சம்தான். தார்ன்லி தோட்டத்துப் பெரிய வீட்டில் இன்றும் குடியிருப்பவள். அப்படிப் பார்த்தால் எனக்குப் பங்காளி.

முதல் நாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, நான் எந்தத் தார்ன்லி என்று விசாரித்தாள். அசல் தார்ன்லி என்றேன். யாரைத் தேடுகிறேன் என்று கேட்டாள். ஜூடித்தோடு போனவளை என்றேன்.

அதற்குப் பிறகுதான் நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு முழங்கையை ஊன்றினாள். வேண்டுமென்றேதான். பங்காளிக் காய்ச்சலுக்கு எந்த நாட்டிலும் மருந்தில்லை.

அன்றிலிருந்து ஒரு பக்கம் புரளவில்லை.

நான் செய்யாத முயற்சியில்லை. சுவரில் காரை உதிர்கிற மாதிரி இருமினேன். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். பையில் கிடந்த வேர்க்கடலையைப் படார் படாரென்று உடைத்து, எழுத்தரிடம் திட்டு வாங்கினேன். அவள் நிமிரவே இல்லை. மதியத்துக்குக் கொண்டுவந்த, பன்றியிறைச்சி வைத்த ஹாம் பிஸ்கட்டைக்கூட முதல் இரண்டு நாளும் பிரிக்காமலே திரும்ப எடுத்துப் போனாள்.

பத்து நிமிடம் பாக்கி இருந்தபோது எழுந்துபோய் அவள் எதிரில் நின்றேன்.

"ஏம்மா, மூணு நாளா அடைகாக்கிறீங்க. கோழியா இருந்தா இந்நேரம் குஞ்சே முட்டை போட்டிருக்கும்."

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

டேப் அம்மாள் முழங்கையை எடுத்தாள். புத்தகத்தை மூடவில்லை. அப்படியே என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் கீழ் விரலை வைத்தாள்.

என் மகள் ஜூடித்துக்கு வால்நட் மரக் கட்டிலையும், அதன் இறகு மெத்தையையும், ஜூபா என்னும் கறுப்பு அடிமைப் பெண்ணையும், அவள் இனிப் பெறப்போகும் பிள்ளைகளையும் எழுதிவைக்கிறேன்.

ஜூபா.

கீழே மைல்ஸின் பெயர். சுழிகளோடு, அழகாக.

"அன்னைக்கே பார்த்துட்டேன்" என்றாள். "உங்ககிட்ட எப்படிக் காட்டுறதுன்னு தெரியலை."

பிறகு, எனக்குக் கேட்டும் கேட்காத குரலில்:

"அந்தக் கட்டில்லதான் நான் இன்னும் படுக்கிறேன்."

என் பென்சில் எங்கே என்று தெரியவில்லை. அவளுடையதை நீட்டினாள். வாங்கி எழுதிக்கொண்டேன்.

நீதிமன்ற வாசற்படியில் நின்று கல்தச்சனிடம் முதலில் போனில் பேசினேன். பிறகு வெர்டெலைக் கூப்பிட்டேன். பெயர், கட்டில், கிழவி, மூன்று நாள், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் வகுப்பதற்காகக் காத்திருந்தேன்.

வெர்டெல் எதையும் வகுக்கவில்லை. அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.