கேரவனில் மேடம்

"ஹீரோயின் மேடம் மீன்காரி கெட்டப்ல நேரா கேரவனுக்கு வருவாங்க. ஃப்ரிட்ஜ் ஜில்லுன்னு இல்லேன்னா நாளைக்கு வேற டிரைவர்." மேனேஜர் போனை வைத்தார்.

டிரைவர் கருணாகரன் ஃப்ரிட்ஜைத் தொட்டுப் பார்த்தான். காசிமேட்டுச் சரிவில் வண்டி சாய்ந்து நின்றதில் ஃப்ரிட்ஜ் குளிரவே இல்லை.

மீன் கூடையோடு அவள் ஏறினாள். ஃப்ரிட்ஜைத் திறந்து கைவிட்டுப் பார்த்தாள்.

"இன்னா நைனா, ஜில்லுன்னே இல்ல?"

கையில் ஒட்டியிருந்த செதில்கூட நிஜம் போலிருந்தது. பாஷையும் அசல்.

"வண்டி சாஞ்சிகினு கீது மேடம். சமமா நின்னாத்தான் இது வேலை செய்யும்."

"அப்ப சக்கரத்துக்குக் கீழ பலகைய வைய்யி. இன்னா பாத்துகினு கீற?"

ஓடினான். பலகை மேல் சக்கரத்தை ஏற்றி இறக்கி, மூன்றாவது முறையில் வண்டி நேரானது. உள்ளே வந்து ஃப்ரிட்ஜ் மேல் தண்ணீர் தம்ளரை வைத்தான். தண்ணீர் சமமாக நின்றது.

"இப்ப ஜில்லுன்னு ஆவுது," என்றாள் அவள்.

போன் அடித்தது. மேனேஜர்.

"மேடம் இப்பத்தான் ஹோட்டல்லேர்ந்து கிளம்புறாங்க. தமிழ் சுத்தமா தெரியாது. இந்தியில பேசு."

திரும்பினான். அவள் காலிக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐஸெல்லாம் கரைஞ்சி பேஜாராப் பூட்ச்சி நைனா. வஞ்சிரம் உள்ள கீது, சாய்ங்காலம் வந்து எடுத்துக்கறேன். அதுவரிக்கும் வண்டிய அசைக்காத."