கோடு இல்லாத பாட்டில்

விமானத்தின் டேங்க் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து, கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்ப்பதுதான் சவரிமுத்துவின் வேலை. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். கோடு மறையும்வரை பிடித்துக் கொட்ட வேண்டும் என்பது சட்டம். ஊரில் குழாய்கள் வறண்டு ஆறு வருஷமாகிவிட்டதால் இப்போது யாரும் கொட்டுவதில்லை. அடித்தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோய் வடிகட்டிக் குடிப்பார்கள். மேலே மிதக்கும் எண்ணெய் அடுப்புக்கு. குடித்துக் குடித்து, எண்ணெய் வாடை என்று ஒன்று இருப்பதே சவரிமுத்துவின் மூக்குக்கு மறந்துபோயிருந்தது.

இன்று மத்தியானம் பாட்டிலில் கோடே இல்லை. "சுத்தம்" என்று கையெழுத்துப் போட்டார். இருநூற்றுப் பத்துப் பேரோடு விமானம் கிளம்பியது. சாயந்திரம் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார்.

"இன்னிக்கு சொட்டுத் தண்ணி இல்ல பிலோமினா. எல்லாம் எண்ணெய்தான், அடுப்புல ஊத்து."

மனைவி கொஞ்சம் ஊற்றினாள். மூன்று குச்சி கிழித்தும் திரி பற்றவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தவள் கத்தியே விட்டாள்.

"என்னங்க, பாட்டில் முழுக்கத் தண்ணிங்க!"

சவரிமுத்துவுக்கு உறைத்தது. முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் கோடு தெரியாது. டேங்க் பக்கம் போகும்போது அணைத்துவைத்த போனை இப்போதுதான் போட்டார். ஏர்போர்ட்டிலிருந்து பதினேழு அழைப்புகள் வந்திருந்தன.

பிள்ளைகள் டம்ளரோடு ஓடிவந்தார்கள். பிலோமினா ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றினாள்.

"நாளைக்கும் அந்த பிளேன்லயே பிடிச்சிட்டு வாங்க."