‘டோர்ட்மண்ட் துள்ளல்’ வெள்ளிவிழா

“தம்பி, அந்த நாலாவது பாட்டைக் கேட்டுப்போட்டு நான் அழுத அழுகை கடவுளுக்குத்தான் தெரியும்!” என்றார் கமலநாயகி, மிதுஷனின் தட்டில் இன்னொரு வடையை வைத்தபடி.

“நாலாவது துள்ளல் பாட்டெல்லோ அக்கா. ராக் அண்ட் ரோல். அதுக்கு ஏன் அழுதனீங்கள்?”

“சந்தோசத்திலை அழுதனான் தம்பி.”

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத் தமிழர்களுக்கு மிதுஷன் ஒரு காலத்தில் ‘மின்னல் மிதுஷன்’. பதினேழு வயதில், தோல் ஜாக்கெட்டும் நெற்றியில் புரளும் சுருள்முடியுமாக அவன் கிற்றாரைத் தூக்கினால் போதும், தமிழ்ப் பாடசாலைப் பெண்பிள்ளைகள் வீறிடுவார்கள். அம்மாக்கள் பிள்ளைகளைக் கிள்ளி அடக்கிவிட்டுத் தாங்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்த வயதில் அவன் வெளியிட்ட ஒரே சீடிதான் ‘டோர்ட்மண்ட் துள்ளல்’. வெளியீட்டு விழாவுக்கு நகரத்துத் தமிழர் எல்லோரும் திரண்டு வந்தார்கள். ஒலிவாங்கியில் பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடையேறி, காசு வைத்த கவரைக் கொடுத்து, சீடியை வாங்கி, கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு அவன் பாடவே இல்லை. இப்போது காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சுருள்முடியைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது.

வருகிற சனிக்கிழமை அந்தச் சீடிக்கு வெள்ளிவிழா. ‘ராக் வேந்தர்’ என்று பட்டமும் பொன்னாடையும் தருவதாக ஏற்பாடு. மண்டபம் பிடித்தாயிற்று, நோட்டீஸ் அடித்தாயிற்று. மிதுஷன்தான் பிடிகொடுக்கவில்லை. கெஞ்சிக் கேட்பதற்காகக் கமலநாயகி அவனைத் தன் வீட்டுக்கு வரவழைத்திருந்தார்.

“ஒரேயொரு ஆள் அந்தச் சீடியை மெய்யாவே கேட்டிருந்தாக் காணும் அக்கா. நான் மேடைக்கு வாறன். இல்லாட்டி ஏலாது.”

பக்கத்தில் இருந்த விழாக்குழுத் தலைவர் ஆரூரனுக்கு நிம்மதியாகிவிட்டது. ஆள் புகழ்ச்சிக்கு அலைகிறான், அவ்வளவுதானே! புகழ்வது அவருக்குக் கைவந்த கலை.

“என்ன தம்பி உப்பிடிக் கேட்டுப்போட்டீர்! எங்கடை வீட்டிலை அது தேயத் தேய ஓடினது. உம்மடை குரல் தேனெண்டால் தேன். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரியே கதவைத் தட்டி, ஆர் இந்தப் பாட்டுக்காரன் எண்டு கேட்டவ.”

“எந்தப் பாட்டை அண்ணை கேட்டவ?”

“கடைசிப் பாட்டு! மூச்சு விடாமல் ஒரு இழுவை இழுத்தீரே, அதை.”

கமலநாயகி விட்டுக்கொடுக்கவில்லை. “எங்கடை மகள் தேனுஜாவை அந்தச் சீடியைப் போட்டுத்தானே நித்திரையாக்கினனான். உங்கடை குரல் கேட்டால்தான் பிள்ளை கண்ணை மூடும்.”

“லண்டன் பேப்பரிலை அரைப் பக்கம் எழுதினவையெல்லோ?” என்றார் ஆரூரன்.

“ஓம், வாசிச்சனான். இளமையின் ஏக்கம் ததும்பும் குரல் எண்டு எழுதியிருந்தவை” என்றான் மிதுஷன்.

மிதுஷனின் முகம் தொங்கிப்போயிற்று. இவர்கள் புகழப் புகழ அவனுக்கு அழவேண்டும் போல இருந்தது. “சரி அக்கா, நான் போட்டு வாறன்” என்று எழுந்தான்.

“நில்லுங்கோ தம்பி!” கமலநாயகி ஓடிப்போய்க் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னாலிருந்து சீடியை எடுத்துவந்தார். “பாருங்கோ, எப்பிடிப் பத்திரமா வைச்சிருக்கிறன்!”

மிதுஷன் வேண்டாவெறுப்பாக வாங்கிப் பார்த்தான். உடனே நிமிர்ந்தான். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் காணவில்லை.

“அக்கா, இதை ஆர் பிரிச்சது?”

கமலநாயகி எட்டிச் சீடியைப் பார்த்தார். அவருக்கே அது புதுச் செய்தி.

“நான்தான்” என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

கமலநாயகியின் கணவர் உருத்திரமூர்த்தி, சத்தத்தைக் குறைத்துவிட்டு உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தால் யாராவது கோபித்துக்கொண்டு போவது வழக்கம். அதனால் விருந்தாளி போகும்வரை பேசக்கூடாது என்று மனைவி சத்தியம் வாங்கியிருந்தார்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் பேசாமல் இருங்கோ!”

“ஏன்? கேட்ட ஆளைத்தானே தேடுறார்? தம்பி, லொறி ஓடேக்கை அதைப் போட்டுக் கேட்டனான். உள்ளதைச் சொல்லுறன், சரியான தலையிடி. உம்மடை குரலைக் காணவே இல்லை. முழுக்க ஊதலும் மேளமும்தான். இடைக்கிடை கொஞ்சச் சனம் பியர் கிளாஸை மேசையிலை இடிச்சுக் கத்துது.”

“ஐயோ, வாயை மூடுங்கோ!”

“ராக் அண்ட் ரோல் எண்டால் இதாக்கும், எனக்குத்தான் விளங்கேல்லையாக்கும் எண்டு ஹம்பேர்க் போய் வரும்வரைக்கும் திருப்பித் திருப்பிக் கேட்டனான். பொடியன் கஷ்டப்பட்டுச் செய்தது, அரைகுறையா விடக்கூடாதெல்லோ. ஆனால் படு மோசம் தம்பி.”

ஆரூரன் தலையில் கை வைத்துக்கொண்டார். சனிக்கிழமை கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்தார்.

“ஈவிரக்கமில்லாத மனிசன்! ஒரு கலைஞனை வீட்டுக்குக் கூப்பிட்டு வைச்சு இப்பிடியே அவமானப்படுத்துறது?” கமலநாயகி கணவரைப் பார்த்துக் கத்தினார்.

மிதுஷன் நேரே மூலைக்குப் போனான். உருத்திரமூர்த்தியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டான். கண்கள் கலங்கியிருந்தன.

“சனிக்கிழமை வாறன் அண்ணை. பாட்டும் பாடுறன். பொன்னாடையை நீங்கள்தான் போர்த்த வேணும்.”

சீடி அடித்துக் கொடுத்த நிறுவனம் ஆள் மாறி, அவனுடைய பாட்டுகளுக்குப் பதிலாக ஏதோ ஒரு பியர்த் திருவிழாவின் பாண்டு வாத்தியத்தை ஐந்நூறு சீடியிலும் பதிந்து அனுப்பியிருந்ததை, வெளியீட்டு விழா முடிந்து வீட்டுக்கு வந்ததுமே மிதுஷன் கண்டுபிடித்துவிட்டான். அதைப் பற்றி முதல் புகார் வர இருபத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது.