வால் கயிறு

இலத்தூர் வயலில் பழுதாகி இறங்கிய குட்டி விமானத்தைச் சுற்றி ஊரே நின்றது. சக்கரம் மாற்றும் வேலை லாரி மெக்கானிக் துல்கர்னைனுக்கு. எதிர்ப் பட்டறைக்காரர் நாறும்பூநாதனுக்குக் கிடைத்தது வாலில் கட்டிய கயிறு.

"அண்ணாச்சி, இத இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும்" என்றான் துல்கர்னைன்.

'பேரு அவனுக்கு. மாடு பிடிக்கதுக்கு நானா?' வேண்டாவெறுப்பாகக் கயிற்றை வாங்கினார் அவர்.

ஜாக்கிகள் இறக்கைகளைத் தூக்கின. துல்கர்னைன் அடியில் நுழைந்தான். கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விடலாமென்று நாறும்பூநாதன் பிடியைத் தளர்த்தினார்.

பைலட் குனிந்து கேட்டார்: "உங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாதாமே! அவர்கிட்டயா கயிற்றைக் கொடுத்தீங்க?"

"ஆகாதுதான் சார். ஆனா கயித்த விட்டா பிளேன் மூக்கு குத்தி எம்மேல விழும். இந்தச் சேத்துல முளை அடிச்சுக் கட்டினாலும் நிக்காது. அண்ணாச்சி நிப்பாக."

அது காதில் விழுந்த நாறும்பூநாதன் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.