தங்கும் முகவரி

ஜொகூரிலிருந்து வந்த படகு இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் ஆட்களை இறக்கியது. நூர்லேலாவின் நுழைவுச் சீட்டில் ஓரிடம் மட்டும் காலியாக இருந்தது.

"தங்குற முகவரி எங்கம்மா? அது இல்லாம உள்ள விட முடியாது," என்றார் குடிநுழைவு அதிகாரி, தலை நிமிராமல்.

வரிசையில் பின்னால் நின்றவள் சலித்துக்கொண்டாள். "ஏதாவது ஹோட்டல் பேரைக் கிறுக்கிக் குடுக்கா. எல்லாரும் அதைத்தானே செய்யறோம்!"

"நான் ஹோட்டலுக்கு வரலம்மா. மூணு வருஷம் முந்தி புருஷன்கிட்ட கோவிச்சுக்கிட்டு விட்டுட்டுப் போன வீட்டுக்கு வந்திருக்கேன். சேத்துக்குவாரான்னு தெரியாம எப்படி எழுதுறது?"

"திரும்பிப் போக டிக்கெட்?" என்றார் அதிகாரி.

"இருக்கு. சேத்துக்கலன்னா வேணுமே."

அவர் சீட்டை இழுத்தார். அவளிடம் எதுவும் கேட்காமலே தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்.

"பூட்டை மாத்தல, லேலா. உன் சாவி இருக்கில்ல?"