பேயின் மோதிரம்

பேய்த் தொடரில் கண்ட தவறுகளை எழுதி அனுப்பிய பிலோமினாவைத் தேடி, இயக்குநர் உமாசங்கர் கடலூர் முதுநகருக்கே வந்துவிட்டார்.

"கோவமா சார்?" என்று கேட்டார் பிலோமினா.

"இல்லம்மா. பேய்க்கு நிழல் விழுந்தது, ஒரு காட்சியில இருந்த மோதிரம் அடுத்ததுல இல்லாதது, எல்லாத்தையும் பாத்திருக்கீங்களே."

"வெரல் வீங்கினா மோதிரத்தக் கழட்டத்தான வேணும். பேயா நடிச்ச பொண்ணுக்கு மொகமும் ஊதியிருந்துச்சு. மாசமா இருக்கறவ நடை. அதான் உடனே பிரஷர் பாக்கச் சொல்லி எழுதினேன். முப்பது வருசம் பிரசவ வார்டு நர்ஸ் சார் நான்."

"உங்க லெட்டர் கெடச்ச அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு நாள் தள்ளியிருந்தா ரெண்டு உயிரும் தங்கியிருக்காதுன்னாங்க."

"இப்ப எப்படி இருக்கு அந்தப் பொண்ணு?"

உமாசங்கர் வாசலைக் காட்டினார். பேயாக நடித்த சிவப்ரியா, கைக்குழந்தையோடு காரிலிருந்து இறங்கினாள்.

"தினமும் கேமரா வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன், அந்த வீக்கம் எனக்குத் தெரியலம்மா. அவ என் பொண்டாட்டி."