பதினொன்றிலிருந்து ஐந்து வரை

திரை வெறும் வெள்ளையாக இருந்தது.

“ஒண்ணுமே வரலையே,” என்றாள் அவள்.

“வராது. அதான் விஷயமே.” பக்கத்து மேசைக்காரன் தன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். இருபத்தெட்டு வயதிலேயே தலை வழுக்கை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் மொட்டை. அவன் திரையில் அவர்கள் அலுவலகம் இருக்கும் தெருவும் கட்டட எண்ணும் தெரிந்தன. “நான் அனுப்பின பக்கத்தை நம்ம பிரவுசர்ல நீ திறந்தே. அவ்வளவுதான். நீ எங்க உக்காந்திருக்கேன்னு எனக்கு வந்திடுச்சு.”

அவர்கள் தயாரிக்கும் உலாவியின் ஒரே வேலை, அதைப் பயன்படுத்துபவர் இருக்கும் இடத்தை மறைப்பதுதான். ஒளிந்து வாழ்பவர்கள் அதை நம்பி இணையத்துக்கு வருகிறார்கள். எட்டு மாதமாக அவளுடைய அக்காவும்.

பெரிய உலாவி ஒன்றின் நிரலை எடுத்து மாற்றித்தான் தங்களுடையதை உருவாக்குகிறார்கள். அந்தத் திட்டத்துக்கு அலுவலகத்தில் பெயர் பெரிய வீடு. “அப்ப நாம சின்ன வீடு,” என்று மொட்டை சொல்லும்போதெல்லாம் முறைப்பாள். இன்று அவன் அதைச் சொல்லவில்லை.

ஓட்டையைக் கண்டுபிடித்தது பெரிய வீடு. வழக்கமாகத் திருத்தத்தை ரகசியமாக முன்பே கொடுப்பார்கள். இரு தரப்பும் ஒரே நேரத்தில் வெளியிடும். இந்த முறை நாளை என்றிருந்ததை இன்று பதினொரு மணிக்கு என்று மாற்றிவிட்டார்கள்.

அங்கிருக்கும் வெளியீட்டு மேலாளரை அழைத்தாள். “எங்க பதிப்பு ரெடியாக அஞ்சு மணி ஆயிடும் சார். ஒரு ஆறு மணி நேரம் பொறுங்க.”

“முடியாதும்மா. யாரோ மோப்பம் பிடிச்சிட்டாங்க. கோடிக்கணக்கான பேர் எங்க பிரவுசர்ல இருக்காங்க.”

“நீங்க வெளியிட்டா, திருத்தத்தைப் படிச்சே ஓட்டை எங்கன்னு யார் வேணா கண்டுபிடிக்கலாமே சார். எங்க ஆளுங்க ஆறு மணி நேரம் திறந்த வீட்டுல இருக்கற மாதிரி.”

“தெரியும். அதனாலதான் சொல்றேன், வெளிய மூச்சு விட்டுடாதீங்க. எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்குன்னு நீங்களே திருடனுக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்.”

திருத்தத்தைப் படித்து, இரண்டு மணி நேரத்தில் பொறி வைக்கத் தெரிந்த ஒருவனை அவளுக்குத் தெரியும். கணினிப் பாதுகாப்பில் பெயரெடுத்தவன். அக்காவின் கணவன். அக்காவுக்கு இடது காது கேட்காமல் போனது அவன் கையால்.

அக்காவின் எண் அவளிடம் கிடையாது. எப்போதாவது அக்காதான், தான் ஒளிந்திருக்கும் பெண்கள் விடுதியின் அலுவலகத் தொலைபேசியிலிருந்து, எண்ணை மறைத்து அழைப்பாள். மற்றபடி எழுத்துதான், அதுவும் இந்த உலாவி வழியாக. பாதுகாப்புக்காகக் கணக்கை மாற்றிக்கொண்டே இருப்பாள். போன வாரம்கூடப் புதுக் கணக்கிலிருந்து எழுதியிருந்தாள். கணினி விவகாரம் எதுவும் அவள் மண்டையில் ஏறாது. உலாவியை ‘உன் பொட்டி’ என்பாள்.

பத்து ஐம்பதுக்கு மொட்டை கழிப்பறைக்குப் போனான். அக்காவின் அந்தப் புதுக் கணக்குக்கு அவள் வேகமாகத் தட்டினாள். ‘பதினொண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் யார் எதை அனுப்பினாலும் திறக்காதே.’

பதில் உடனே வந்தது. ‘ஏன், பிரவுசர்ல ஓட்டையா?’

‘ஆமா. பெரிய பிரவுசர்காரங்க பதினொண்ணுக்குத் திருத்தம் விடறாங்க. எங்களுது அஞ்சுக்குத்தான். யார்கிட்டயும் சொல்லாதே.’

‘சொல்ல மாட்டேன்.’

மொட்டை திரும்பி வந்து அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். “யாருக்கு?”

“வீட்டுக்கு. வர லேட்டாகும்னு.”

“அதுக்கு ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?”

அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

பதினொன்றுக்குப் பெரிய வீடு சொன்னபடி வெளியிட்டது. அவள் சாப்பிடப் போகவில்லை. இரண்டரைக்கு ஒரு சோதனை தோற்றது. மொட்டை கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டினான். போன் அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் பதிப்பு வெளியே போனது.

“போயிடுச்சு. இனிமே நானும் மனுஷன் மாதிரி சோறு திங்கலாம்,” என்றான் மொட்டை.

அன்று முதல்முறையாக அவள் சிரித்தாள். விதியை மீறியதுதான். வேலை போனாலும் போகட்டும். அக்காவுக்கு நேரத்தில் சொல்லியாகிவிட்டது.

ஐந்து பத்துக்கு எண் மறைத்த அழைப்பு ஒன்று வந்தது.

“அக்கா, எல்லாம் முடிஞ்சுது. இனிமே நீ பயமில்லாம திறக்கலாம்.”

“இனிமேவா? மத்தியானமே திறந்துட்டேனே,” என்றாள் அக்கா. “நான்தான் ரெண்டு வாரமா உனக்கு எழுதவே இல்லை. நீ உன் புதுக் கணக்கிலேருந்து ஒரு பக்கம் அனுப்பினியே, அதை உன் பொட்டியிலதான் திறந்தேன். வெறும் வெள்ளையா இருக்கு, ஒண்ணுமே வரலையேடி.”